அவர் விழுந்தால் மட்டும்

கடலைக் கடக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் உணவு டப்பாக்களின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஈரத்தில் ஊறிப் பிரிந்து, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்பை அடைத்துவிடும். உரித்த பிறகு, உள்ளே இருப்பது என்ன என்று டப்பாவின் மேல் பெயிண்டால் எழுத வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. என் வீட்டுக்காரருக்கு மேற்பார்வை.

"டப்பா தொறக்குறதும் கடல்ல உன் வேலதான்," என்றார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பாய்மரப் படகு சின்னது. நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். அதில் நாங்கள் இருவர் மட்டும், வாரக்கணக்கில், கரையே தெரியாத தண்ணீரில். ஒருவர் தவறி விழுந்தால் தூக்க இன்னொருவரைத் தவிர ஈ காக்கை கிடையாது. அதனால் மேல்தட்டில் நடக்கும்போது மார்பில் ஒரு பெல்ட்டும், அதைப் படகோடு மாட்ட ஒரு நாடாவும் உண்டு. நாடா நீளமானது என்பதால் மாட்டியிருந்தும் வெளியே விழலாம். அப்படி விழுந்தால் கப்பிக் கயிற்றை இறக்கி, கொக்கியைப் பெல்ட்டில் மாட்டச் சொல்லி, ஆளை இழுத்து ஏற்ற வேண்டும்.

ஞாயிறு காலைகளில் துறைமுகத்துக்குள்ளேயே அதைப் பழகினோம். எப்போதும் குதிக்கிறவர் அவர், இழுக்கிறவள் நான்.

"உன்ன விட நான்தான கனம்? நீ என்னத் தூக்கிட்டா, நான் உன்னத் தூக்குறது ஒரு விஷயமா?"

நியாயமாகத்தான் பட்டது. நானும் மண்டையை ஆட்டினேன்.

கிளம்ப வேண்டிய வாரம் எனக்கு மனசு கேட்கவில்லை. "இன்னிக்கு நான் குதிக்கிறேன்," என்றேன்.

"தண்ணி ஜில்லுனு இருக்கு. வேணாம்."

"நடுக்கடல்ல மட்டும் எனக்கு வெந்நீர் போட்டு வெச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுக் குதித்தேன்.

குளிரில் மூச்சு முட்டியது. கொக்கியை மாட்டிக்கொண்டேன். கயிறு இறுகி, இடுப்புவரை மேலே வந்தேன். பிறகு தொப்பென்று விழுந்தேன். மறுபடியும் அதேதான். நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய வலது கை விரல்கள் மடங்கவே இல்லை. கயிறு அவற்றின் நடுவே நழுவிக்கொண்டிருந்தது. இடது கையால் இழுத்து, பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் படகில் பாய் தைத்துக்கொண்டிருந்த கொக்கு தாவி வந்து என்னை இழுத்துப் போட்டார். அந்த ஒல்லி உயரத்துக்குத் துறைமுகமே சேர்ந்து வைத்த பெயர் அது.

"எத்தன நாளா இப்படி?" என்றேன். பல் தந்தியடித்தது.

"கொஞ்ச மாசமா. நரம்புல கோளாறாம். சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு கையும் போறதுக்குள்ள ஒரு தடவ கடந்துடணும்னு..."

"நான் விழுந்தா?"

"நீ விழமாட்ட. நீ எப்பவும் உஷாரான ஆளு."

அவர் என்னைப் பாராட்டுவதே அபூர்வம். அதற்கு நேரம் பார்த்தாரே! என் உயிரை என் ஜாக்கிரதையின் பொறுப்பில் விட்டுவிட்டு மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

பெல்ட்டைக் கழற்றிக் கொக்குவிடம் கொடுத்தேன். "இந்த நாடாவ வெட்டித் தெச்சுக் குடுங்க. படகோட விளிம்புவரைக்கும் எட்டக் கூடாது."

"எட்டலன்னா பாய் எறக்க முன்பக்கம் போக முடியாதே, அண்ணி. பெருங்காத்து அடிச்சா?"

"உங்க அண்ணன் போவாரு."

கொக்கு அவர் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேண்டுமென்றேதான் பார்த்தேன்.

அவர் தன் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார். வலது கை ஒத்துழைக்கவில்லை. நான் உதவிக்குப் போகவில்லை. இடது கையால் தட்டுத்தடுமாறிக் கழற்றிக் கொக்குவிடம் நீட்டினார்.

"என்னோடதையும் வெட்டிடுப்பா."

இரண்டும் குட்டையானால் முன்பக்கம் போக ஆளில்லை. அப்புறம் அந்தப் படகு துறைமுக வாயைத் தாண்டாது. அது எங்கள் மூவருக்கும் தெரியும். நான் நினைத்தது நடந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினோம். இன்னும் தீரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் திறந்து கொடுக்கிறேன்.