சத்தமில்லாமல் வந்த மீன்காரி

திரௌபதி ஊருக்குள் நுழையும் முன்பே அவளுடைய பழைய மொபெட்டின் சத்தம் நுழைந்துவிடும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து மடவை மீனும் இறாலும் ஏற்றிக்கொண்டு, கரையைவிட்டுத் தள்ளி நெல் விளையும் ஊர்களுக்கு விற்கப் போவாள். அந்தப் படபடச் சத்தம் காதில் விழுந்தாலே பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் கூவி விற்றதில்லை.

மொபெட் ஒரேயடியாகப் படுத்துவிட, தை மாதத்தில் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினாள். பார்க்க எல்லா ஸ்கூட்டரும் போலத்தான். நம்பர் பிளேட் மட்டும் பச்சை.

முதல் நாள் காலை, வயலைவிட்டுப் பனி விலகவில்லை. வண்டி ஓடுகிறதா, தான் மிதக்கிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. வழக்கமாக விருட்டென்று பறந்துவிடும் கொக்குகள் வரப்பிலேயே நின்றன. தெருவுக்குள் திரும்பினால், ஒரு முற்றத்தில் தலை துவட்டியபடி ஒருத்தி மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். ஜெயம்மா. மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து முகம் சுளிக்கிற அதே ஜெயம்மா. யாருடைய கனவுக்குள்ளோ வழி தவறிப் புகுந்துவிட்டதுபோல், திரௌபதி பிரேக்கைத் தொடாமல் கடந்து போனாள்.

தெருக்கோடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. பெட்டி நிறைய மீன்.

வண்டியைத் திருப்பினாள். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"மடவ மீனூ... எறாலூ..."

பனிக்குள் நீண்டுபோன அந்தக் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்கே கேட்டது.

ஜெயம்மா ஈரத்தலையோடு வந்து, பனியில் ஆள் முகம் தெரியாமல் பச்சை பிளேட்டை முறைத்தாள். "இன்னாம்மா, கரண்ட் ஆபீஸ் வண்டியா?"

"நான்தாங்க்கா, திரௌபதி."

"அட, நீயா? வண்டி சத்தத்த வச்சித்தான் உன்ன தெரியும். நீ கூவுற கொரல இன்னிக்கித்தான் கேக்குறேன்."

"நானும் உன் பாட்ட இன்னிக்கித்தாங்க்கா கேட்டேன். நல்லா இருந்துச்சி."

ஜெயம்மா சட்டென்று துண்டால் தலையை மூடிக்கொண்டாள். மீனைப் புரட்டிப் பார்க்காமலே சட்டியை நீட்டினாள்.

"இனிமே தெருமொனையிலயே கூவிட்டு வா," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் மற்ற கதவுகளும் திறந்தன. அந்தத் தெருவில் விற்றுவிட்டு அடுத்த ஊர் எல்லைக்கு வந்ததும் திரௌபதி வண்டியை நிறுத்தி, பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.