மூலையில் பேர் இல்லாத எழுத்து

சம்பந்தம் எழுதின எதிலும் வலது கீழ் மூலையில் அவர் பேர் இருக்கும். செய்யாரில் அவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருக்கிற ஷூ கம்பெனியில், ஆண்கள் கழிவறைக்கு வழி காட்டும் பலகை ஒன்று அவர் கைவண்ணம். அதிலும் இருக்கும். அந்த அவசரத்தில் போகிறவன் நின்று படிக்கமாட்டான் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. கலைஞனிடம் சொல்கிற விஷயமா அது.

ஆரணியில் அழகெழுத்தைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர் தான் ஒருத்தர்தான் என்பது அவருடைய கணிப்பு. மூங்கில் பேனா, தட்டை நிப்பு, பிரஷ் பேனா, எட்டு நிறத்தில் மை. ஆன்லைனில் வந்த பார்சலை அவர் பிரிக்கும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் சார்ட் பேப்பரை விரித்து உட்கார்ந்தால், மத்தியானம் வரைக்கும் அவர் மனைவி கற்பகம் சுவரை ஒட்டித்தான் நடக்க வேண்டும். 'எழுத்தைச் சுற்றியிருக்கும் வெற்றிடமே எழுத்தின் மூச்சு' என்று தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். சுவரை ஒட்டி நடந்தவளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கற்பகம் எட்டாவது வரை படித்தவள். தறிக்காரர்கள் வீட்டில் பாவு பிணைக்கப் போவாள். தறியில் நீளவாக்கில் ஓடித் தீர்ந்துபோன பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் விரலால் திரித்துச் சேர்க்கிற வேலை. ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று தப்பினாலும் புடவையில் தெரிந்துவிடும். அவள் சேர்த்ததில் தப்பியது என்று யாரும் வந்து சொன்னதில்லை. ஆனாலும் அந்த விரல் பேனா பிடித்தால் வருவது கிறுக்கல்தான் என்று சம்பந்தம் கல்யாணமான புதிதிலேயே முடிவு கட்டிவிட்டார். அதனால் வீட்டில் எழுத வேண்டியதை எல்லாம் அவரே எழுதினார். கேஸ் புத்தகம், வங்கி ஃபாரம், மகள் சரண்யாவின் ரேங்க் கார்டு எல்லாவற்றிலும் அவர் கைதான். வங்கியில் கற்பகம் போடுகிற கையெழுத்தைக்கூட அவர்தான் வரைந்து கொடுத்து, ஒரு வாரம் நோட்டில் பயிற்சி செய்யச் சொன்னார். அவள் போட்ட கோல நோட்டை ஒருமுறை அழகாகப் பிரதி எடுத்தார். பழையது பேப்பர்க்காரனிடம் போனது.

ஊரடங்கில் கம்பெனி பஸ் நின்றதும் அவர் பார்வை சமையலறைப் பக்கம் திரும்பியது. அலமாரியில் இருபத்திரண்டு பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொன்றிலும் நாள்காட்டித் தாளைக் கிழித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவில் கற்பகம் சாமான் பேரை எழுதி வைத்திருந்தாள்.

"இன்னா இது, ரேஷன் கடை மாதிரி" என்றார்.

வெந்நீர் ஊற்றி, கம்பி நார் போட்டுத் தேய்த்து, ஒரு துணுக்கு விடாமல் எடுத்தார். வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். அப்புறம் பத்து நாள் உட்கார்ந்து இருபத்திரண்டு லேபிள் எழுதினார். 'மிளகு'வில் கடைசி எழுத்தின் வால் டப்பாவை ஒரு சுற்று சுற்றிவந்து முதல் எழுத்தின் தலையில் பூவாக முடிந்தது. எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் 'சம்பந்தம்'.

கற்பகம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. எதுல எது கீதுன்னுதான் தெரியல."

"பழகிடும்."

"ம்."

இரண்டு நாள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்துச் சமைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து மோந்து பார்க்கவில்லை. கலை கண்ணைப் பழக்கிவிடும் என்று சம்பந்தம் இன்ஸ்டாகிராமில் எழுதினார். நாற்பத்தோரு லைக். அதே வாரம் அவருடைய கறுப்பு மார்க்கர் காணாமல் போனது. ஒரு மாதம் வீட்டைப் பேஜார் பண்ணினார்.

போன வருஷம் ஐப்பசியில் கற்பகம் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுத்திருந்து இறந்துபோனாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் சம்பந்தம் தன் கையாலேயே எழுதினார். கண்ணை நீர் மறைத்தும் கோடு பிசகவில்லை. அதிலும் மூலையில் பேர் போட்டார். பழக்கதோஷம்.

வருஷ தெவசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெங்களூரிலிருந்து சரண்யா போன் செய்தாள்.

"யப்பா, அம்மா எழுதினது எதுனா கீதா வீட்ல?"

"எழுதினதுன்னா?"

"எதுனா. சீட்டு, மளிகை லிஸ்ட்டு. எங்கூட வேலை செய்ற பொண்ணு அவங்க அம்மா எழுத்த அப்படியே கையில பச்சை குத்திகினு வந்திருக்கா. எனக்கும் வேணும். அம்மா என்னைக் கூப்பிடற மாதிரி 'பாப்பா'ன்னு எங்கனா எழுதியிருந்தா நல்லாருக்கும்."

"அவ்ளோதான? நானே எழுதி அனுப்பறேன். ரெண்டு பக்கமும் ஒரு கொடி இழுத்து…"

"உன் எழுத்து ஊரெல்லாம் கீதுப்பா. எனக்கு அம்மாவோடது வேணும்."

அன்றைக்குத் தேட ஆரம்பித்தார். பீரோ, துணிப்பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பை. கேஸ் புத்தகத்தில் இருந்தது அவர் எழுத்து. ரேங்க் கார்டில் அவர் எழுத்து. பாஸ்புக்கில் அவள் போட்ட, அவர் வரைந்த கையெழுத்து. ரேஷன் கடையில் விரல் ரேகை. வீடு முழுக்க அவரே இருந்தார். இருபத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் குடித்தனம் செய்தவள் எழுதின ஒரு வரி கிடைக்கவில்லை.

அதை அப்படியே மகளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பந்தத்திடம் பேனா இருந்தது.

நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் 'பாப்பா' என்று எழுதினார். வலது கையில் எழுதினால் எவ்வளவு கெடுத்தாலும் அழகு எட்டிப் பார்த்தது. இடது கைக்கு மாறினார். மூன்று நாளில் ஒரு மாதத் தாள் காலியானது. கடைசியில் ஒன்று அமைந்தது: கோணலாக, நடுங்கி, பாதியில் அழுத்தம் விட்டு. அசல் கற்பகம் என்று அவருக்கே தோன்றியது.

படம் எடுத்து அனுப்பின மறு நிமிஷம் போன் வந்தது.

"எங்க இருந்துது? ஏன் இவ்ளோ கோணலா கீது?"

"ஆஸ்பத்திரிப் பையில இருந்துதும்மா. கடைசியா, போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எழுதியிருப்பா போல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. அவரும் அழுதார். எந்த விஷயத்துக்கு அழுகிறோம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தெவசத்தன்று சமைக்கக் கமலம் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற தறிக்காரர் வீட்டுப் பெண். கற்பகம் அதிகமும் பாவு பிணைக்கப் போனது அவர்கள் வீட்டுக்குத்தான். முதல் நாளே வந்துவிட்ட சரண்யா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கை என்று ஸ்லீவை ஏற்றி விட்டிருந்தாள். இடது கையின் உள்பக்கத்தில், மணிக்கட்டுக்கு மேலே, 'பாப்பா'. மூன்று வாரத்தில் ஆறி, கருநீலமாகப் பதிந்திருந்தது. சம்பந்தம் அந்தப் பக்கம் பார்க்காமல் சமையலறை வாசலில் உட்கார்ந்து வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

கமலம் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். முன்பக்கம் பார்க்கவில்லை. தலைக்கு மேலே தூக்கி, அடிப்பக்கம் பார்த்து, திருப்பி வைத்தாள். அடுத்ததையும் அப்படியே.

"இன்னா கமலம், அடியில பாக்கற?" என்று கேட்டார் சம்பந்தம்.

"பின்ன, முன்னாடி பாத்து எடுத்தா? பாயசத்துல வெந்தயம்தான் கெடக்கும்."

சரண்யா சிரித்துவிட்டாள். கமலம் டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். "அண்ணிதான் அடியில எழுதி வெச்சிது. கொரோனா அப்போ. நீங்க மார்க்கர் மார்க்கர்னு தேடிகினு இருந்தீங்களே ண்ணா, அது எங்கூட்டுத் தறி மேலதான் இருந்துது. 'ஆசையா எழுதிக் குடுத்திருக்காரு, படிக்க வரலன்னா மனசு வுட்டுடுவாரு, மூச்சு வுடாத'ன்னுச்சு."

"உனக்கு மட்டும்தான் தெரியுமா?" என்றார்.

"இந்தூட்ல சமைக்க வந்த எல்லாருக்கும் தெரியும்."

சம்பந்தம் எழுந்து வந்து டப்பாவை வாங்கினார். பாசிப்பருப்பு. அடியில் சற்றுப் பள்ளமாக இருந்ததால் மை தேயவில்லை. எழுத்து நேராக நின்றது. உருண்டு, அழுத்தமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே அளவு இடைவெளி விட்டு. எங்கேயும் நடுக்கம் இல்லை. இழை இழையாகச் சேர்க்கிற கை வேறு எப்படி எழுதும். பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கலாம். அவர் இன்னொரு டப்பாவைக் கவிழ்த்தார். உப்பு. இன்னொன்று. தனியா. அப்புறம் கவிழ்க்கவில்லை.

சரண்யா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் கையிலிருந்த பாசிப்பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் தன் மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். இங்கேயும் பா, அங்கேயும் பா.

"நல்லா இருந்தப்ப எப்படி எழுதியிருக்காங்க பாரு" என்றாள் மெதுவாக. விரலால் தன் கையைத் தடவினாள். "எவ்ளோ வலி இருந்தா இப்படிப் போயிருக்கும். அந்த வலியிலயும் எனக்குன்னு எழுதியிருக்காங்க."

பேசாமல் இருந்துவிடலாம். பொய் அத்தனை பாந்தமாக உட்கார்ந்திருந்தது. சம்பந்தத்தின் வேலை எதுவும் அரைகுறையாக இருந்ததில்லை. ஆனால் அவள் தடவுவதை நிறுத்தவில்லை.

"அது அம்மா எழுதினது இல்லம்மா."

"இன்னா?"

"நான் எழுதினது. எடது கையால."

கமலம் அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

"அப்போ ஆஸ்பத்திரில?"

"ஒன்னும் எழுதல. தண்ணி கேட்டா. பாப்பா சாப்டுச்சான்னு கேட்டா. வேற ஒன்னும் இல்ல."

சரண்யா கத்தவில்லை. கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்.

"அம்மா எழுத்து இப்படித்தான் இருக்கும்னு நெனச்சியாப்பா?"

எந்த எழுத்தையும் ஒரு தடவை பார்த்தால் அப்படியே எழுதிவிடுவேன் என்று கம்பெனி பஸ்ஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

"ஜல்தியா படைச்சிடலாம் பாப்பா" என்றாள் கமலம், யார் முகத்தையும் பார்க்காமல். "நேரமாச்சு."

சரண்யா ஸ்லீவை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். நறுக்கி வைத்திருந்ததில் ஒரு துண்டு இலையை எடுத்து, அதில் சோறு, பருப்பு, ஒரு வடை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சம்பந்தம் கூடப் போகவில்லை. பாசிப்பருப்பு டப்பா இன்னும் அவர் கையில் இருந்தது. முன்பக்கம் மூலையில் அவர் பேர் பளிச்சென்று இருந்தது. மகள் கையில் மட்டும்தான் பேர் போடாமல் விட்டிருந்தார்.

மேலே அவள் காக்காவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.