சுவருக்குள் இறங்கிய மழை

பெஞ்சமின் மூங்கில் ஏணியில் நின்றபடி ஜன்னலின் அடிக்கட்டை மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினான். உள்ளே, மாடி அறையின் தரையில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி கேத்தரின். ஞாயிறு பூசை முடிந்து வந்து இருவரும் இன்னும் சாப்பிடவில்லை. சில நாட்களாக மழை இல்லாமல் சுவர் ஓரளவு காய்ந்திருந்தது. மழையில் பார்த்தால் எல்லாப் பக்கமும்தான் நனையும், வெயில் நாளில் நாமே ஊற்றிப் பார்த்தால்தான் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியும் என்று சொன்னவள் அவள்தான்.

“வருதா?”

“இல்லைங்க.”

கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடமாக ஊற்றிக்கொண்டு போவது என்று பேசியிருந்தார்கள். ஏணியில் கொக்கி போட்டு மாட்டியிருந்த வாளியில் அவன் மறுபடி செம்பை முக்கும் சத்தம் கேட்டது.

அது ஜெலுத்தோங் ரோட்டில் ஒரு சீனத் தவுக்கே, அந்த முதலாளி, வாடகைக்கு விட்டிருந்த வரிசை வீடுகளில் ஒன்று. பெஞ்சமினுக்குக் கடல் தாண்டி அக்கரையில், பிறை என்ற ஊரில், ரயில்வேயில் குமாஸ்தா வேலை. குடிவந்த முதல் வருஷம், மழை பெய்தால் ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாகச் சாரல் கட்டில்வரை தெறிக்கும். மகன் ரேமண்ட் பிறந்ததும் ஒரு விடுமுறை நாளில் அவன் தகரம் வாங்கிவந்து, ஜன்னலுக்கு மேலே சுவரில் நீள ஆணிகளை அடித்து, தானே ஒரு சாய்ப்புப் போட்டான். பேனா பிடித்துப் பழகிய கை. சுத்தியல் பட்டு ஒரு விரல்நகம் கறுத்துப்போனது. “இனிமே மழை எம் மகன் மேல படாதுலா,” என்று அந்த விரலைக் காட்டிச் சிரித்தான். சாரல் நின்றது. காற்று வரட்டும் என்று கேத்தரின் தொட்டிலை ஜன்னலடியில் போட்டாள்.

அந்த மழைக்காலத்திலேயே ஜன்னலின் கீழ்மூலையில் ஈரம் தெரிந்தது. சுண்ணாம்பு உப்பி உதிர்ந்தது. அப்புறம் கறுப்பாகப் பூஞ்சை. துடைத்தால் போகும், ஒரு வாரத்துக்குள் இன்னும் அகலமாகத் திரும்பி வரும். தவழத் தொடங்கியிருந்த பிள்ளைக்கு இருமல் கண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நிமோனியா என்றார். சுவரைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிள்ளையை அடக்கம் செய்து ஒரு மாதம் முடிந்து வீட்டில் ஜெபம் வைத்தபோது, பெஞ்சமினின் அக்கா அமலம்மாள் அந்த மூலையில் கை வைத்துப் பார்த்தாள். விரலில் ஒட்டிய கறுப்பைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “இவ்ளோ ஈரத்துக்குப் பக்கத்துல எவளாச்சும் தொட்டில போடுவாளா?” என்றாள். வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பெஞ்சமின் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அமலம்மாள் சொன்னது அன்றைக்கே ஆறிப்போயிருக்கும். அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் கேத்தரினுக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு அவள் கோயிலைத் தவிர வேறெங்கும் போகவில்லை. காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூட அவனே போய்வந்தான்.

அவனுடைய கோபமெல்லாம் தவுக்கேயின் மேல் திரும்பியது. கூரைதான் ஒழுகுகிறது என்று போய்ச் சண்டை போட்டான். தவுக்கே ஆள் அனுப்பி ஓடு மாற்றிக் கொடுத்தார். ஈரம் நிற்கவில்லை. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி மக்கு வைத்து அடைத்தான். அப்படியும் நிற்கவில்லை. கேத்தரின் மட்டும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு வேறு வேலையும் இல்லை. மழை தொடங்கும்போது சுவர் நனைவதில்லை, வெகுநேரம் கழித்துத்தான் நனைகிறது, மழை விட்ட பிறகும் கசிந்துகொண்டே இருக்கிறது என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. இடுக்கு வழியாக வரும் தண்ணீர் இவ்வளவு தாமதமாக வராது. அது எங்கேயோ நுழைந்து, சுவருக்குள்ளேயே நடந்து வருகிறது.

இப்போது பெஞ்சமின் ஜன்னலின் இடப்பக்கம் ஊற்றினான். வலப்பக்கம் ஊற்றினான். ஒன்றுமில்லை. பிறகு ஏணியில் இன்னும் ஏறி, தகரச் சாய்ப்பு சுவரைத் தொடும் இடத்தில் ஊற்றினான். செம்பு செம்பாக ஊற்றினான்.

முதலில் மூலையின் நிறம் மாறியது. பிறகு பூஞ்சைக்கு நடுவே ஒரு சொட்டு திரண்டு, நின்று, கீழே வழிந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

சாய்ப்பின் ஆணிகள். கேத்தரினுக்கு உடனே விளங்கிவிட்டது. தகரத்தின் பின்னால் தேங்கும் மழை ஆணித் துளை வழியாக இறங்குகிறது. சாய்ப்புப் போட்ட அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். கறுத்த நகமும் அவன் சிரிப்பும் கண்முன் வந்தன.

“கேத்தரின், வருதா?”

ஒரு வார்த்தை போதும். அமலம்மாள் எல்லோர் முன்னாலும் அவள் தலையில் ஏற்றிவைத்த பழி அந்த ஒரு வார்த்தையில் அவன் தலைக்கு மாறிவிடும். அவள் உள்ளங்கையை மூலையில் வைத்து அழுத்தினாள்.

“வரலைங்க.”

“நல்லாப் பாரு.”

“வரலைன்னு சொல்றேன்ல. எறங்கி வாங்க, சாப்பிடலாம்.”

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவன் இறங்கிப் படியேறி உள்ளே வந்தபோது அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. விரல்களுக்கிடையே வழிந்த தண்ணீர் அவள் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை வந்திருந்தது.

பெஞ்சமின் அதைப் பார்த்தான். தலையைத் தூக்கி ஜன்னலுக்கு மேலே பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

“ஏன் வரலைன்னு சொன்ன?”

அவன் அவள் கையைச் சுவரிலிருந்து மெல்ல எடுத்துத் தன் வேட்டியால் துடைத்தான். துடைத்த பிறகும் விடாமல் வைத்திருந்தான்.

“அன்னிக்கு அக்கா பேசினப்போ, நான் வாயத் தொறந்திருக்கணும்.”

“டாக்டரு நிமோனியான்னுதானே சொன்னாரு,” என்றாள் அவள்.

அன்று மாலைக்குள் அவன் சாய்ப்பைப் பிடுங்கி இறக்கினான். துளைகளில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அடைத்தான்.

அடுத்த ஞாயிறு அமலம்மாள் வந்தாள். காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கம்போல மூலையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் பெஞ்சமின் சொன்னான்:

“அக்கா, அந்தத் தண்ணிய உள்ள விட்டது நான்தான். நான் அடிச்ச ஆணி. இனிமே அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

அமலம்மாள் தம்பியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீ என்னத்தப்பா கண்ட…” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. காப்பி அவள் கையிலேயே ஆறியது. பிறகு கேத்தரினைப் பார்த்து, “நீயாச்சும் சொல்லியிருக்கலாமேம்மா,” என்றாள்.

“எனக்கும் போன வாரந்தான் தெரியும், அண்ணி.”

அப்போது மழை பிடித்துக்கொண்டது. சாய்ப்பு இல்லாத ஜன்னலில் சாரல் நேராக அடித்தது. கதவை இழுத்துச் சாத்த எழுந்துபோன கேத்தரின் அங்கேயே நின்றாள். எதிர் வரிசை மாடியில் ஒரு சீனப் பெண், ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியைத் துணிகளோடு அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். கழியின் நுனியிலிருந்து ஒரு குழந்தைச் சட்டை நழுவி ரோட்டில் விழுந்தது. அவள் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டி என்னவோ கத்தினாள். ரோட்டில் ஆளில்லை. தூரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது.

கேத்தரின் திரும்பி, நாத்தனாரைக் கடந்து, படியிறங்கி ஓடினாள்.

“ஏய், எங்க போற? நனையிற!” என்றாள் அமலம்மாள்.

பெஞ்சமின் ஜன்னலுக்கு வந்தான். கீழே நடுரோட்டில் கேத்தரின் குனிந்து சட்டையை எடுத்தாள். சேற்றை மழையிலேயே அலசினாள், பிழிந்தாள், உதறினாள். மாட்டுவண்டி அவளைச் சுற்றிக்கொண்டு போனது. எதிர்வீட்டுப் பெண் கீழே இறங்கி வருவதற்குள், அவள் அந்தச் சின்னச் சட்டையின் இரண்டு தோள்களையும் விரலால் பிடித்து, விரித்து, தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.