கடலை பார்க்கப் போனவர்

படம் வெளியான வெள்ளிக்கிழமை காலையில், ஆவூருக்குத் தெற்கே பெரியகருப்பனின் கடலைக்கொல்லை இருந்த இடத்தில் கடல் இருந்தது. அலை அளவாக அடித்தது. உப்பு வாடை இல்லை, மீனும் இல்லை. ஜெகதாப்பட்டினத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த மீனவர்கள் தண்ணீரில் கையை விட்டுத் துழாவிவிட்டு, பார்க்க அழகுதான், பிழைக்க ஆகாது என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். காரணம் ஊருக்கே தெரியும். அந்த ஊர்க் கணக்கு டீச்சர் ஜெயராணி எழுதிய நாவலில், 'பங்கிராஸ் விடிந்ததும் கடலை பார்க்கப் போனார்' என்று ஒரு வரி உண்டு. அதைப் படமாக்கிய டைரக்டர் வெற்றிசெல்வன் மெரினா பக்கம் வளர்ந்தவர். அவர் கதாநாயகனைச் சமுத்திரத்தின் முன்னால் நிறுத்திவிட்டார். "நடுவுல ஒரு 'ப்' இல்லையே தம்பி, அது வேர்க்கடலை" என்று டீச்சர் போனில் சொன்னபோது படம் தியேட்டருக்குப் போயிருந்தது.

அதோடு நிற்கவில்லை; படத்தில் இருந்த தப்பெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டது. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் உடையப்பன் வீட்டை விட்டு மீசையோடு வெளியே வருவார். தெருவில் இறங்கினால் மீசை இருக்காது. திரும்பிப் பார்த்தால் மறுபடி இருக்கும். படத்தில் தலைவராக நடித்தவருக்கு ஒரு ஷாட்டில் மீசை இருந்தது, அடுத்த ஷாட்டில் இல்லை. டீக்கடையில் பாதி குடித்து வைத்த கிளாஸ், திரும்புவதற்குள் நிரம்பிவிடும். இதில் கடைக்காரரைத் தவிர யாருக்கும் வருத்தமில்லை. டீச்சருக்கு மட்டும் எல்லாவற்றிலும் வருத்தம். விடைத்தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வட்டம் போடுகிறவர் அவர். ஞாயிறு பூசை முடிந்ததும் டைரக்டரைப் போனில் கூப்பிட்டு ஒவ்வொரு தவறாகச் சொல்வார். அந்த மனிதரும் பாவம், எடுத்துப் பேசினார்.

பங்கிராஸ் டீச்சரின் கணவர். சில வருஷங்களுக்கு முன் விராலிமலையைத் தாண்டி ஹைவேஸில் லாரி இடித்து இறந்துபோனார். அந்தத் துக்கத்தில்தான் டீச்சர் நாவலே எழுதினார். படத்திலும் பங்கிராஸ் இடைவேளைக்கு முன்பே சாகிறார். ஆனால் கடைசியில் வரும் தேர்க் காட்சி எடுத்த அன்று கூட்டம் போதவில்லை. பங்கிராஸாக நடித்தவர் சும்மா உட்கார்ந்திருந்ததால், அவருக்கு ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டிப் பின்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். செத்தவர் தேருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார் என்பதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை, டீச்சர் உட்பட. அந்த இடத்தில் அவருக்குக் கண்ணைக் கண்ணீர் மறைத்திருந்தது.

அடுத்த வாரம் கட்டம் போட்ட சட்டையோடு பங்கிராஸ் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "ஏனுங் அம்மிணி, நல்லாருக்கீங்ளா?" என்றார்.

டீச்சர் பயப்படவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. "இதென்ன பேச்சு?"

"தெரியலீங். வாயில இப்படித்தானுங் வருது."

படத்தில் பங்கிராஸுக்குக் குரல் கொடுத்தவர் பொள்ளாச்சிக்காரர். அதுமட்டுமல்ல, வலது புருவத்தில் இருக்க வேண்டிய தழும்பு இடது புருவத்தில் இருந்தது. டீச்சர் அவரை முன்னறையில் விருந்தாளியைப் போல வைத்துக்கொண்டார். சோறு போட்டார், பாய் கொடுத்தார், முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பக்கத்து வீட்டு சொர்ணவல்லிதான், "ஆளு வந்துட்டாருல்ல, பேச்சு எங்கிட்டுப் போனா ஒங்களுக்கென்ன டீச்சர்" என்று கேட்டுப்பார்த்தாள். தப்பு தப்புதான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஒருநாள் காய்ச்சலில் அவர் படுத்திருந்தபோது பங்கிராஸ் காப்பி போட்டார். கொண்டுவந்து கொடுக்கும் முன், மேலே படிந்த ஆடையை விரலால் வழித்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டு, சுத்தமான டம்ளரை நீட்டினார். டீச்சருக்கு ஆடை குமட்டும். அது நாவலிலும் இல்லை, படத்திலும் இல்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் வெகுநேரம் அழுதார்; காப்பி ஆறி மறுபடி ஆடை படிந்தது; பங்கிராஸ் மறுபடி எடுத்தார்.

அந்த மாதத்தில்தான் வெற்றிசெல்வன் நல்ல செய்தியோடு கூப்பிட்டார். இதே படம் அடுத்து செல்போனில் வரப்போகிறது, அதில் எல்லாத் தவறுகளையும் கம்ப்யூட்டரில் திருத்திவிடலாம் என்றார். டீச்சரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பெரியகருப்பன் விதையை வைத்துக்கொண்டு தினமும் கரையில் வந்து நின்றார். அவர் பிழைப்பு தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

"கடலை எடுத்துருங்க" என்றார் டீச்சர்.

"இது எந்தக் கடலை டீச்சர்?"

"தண்ணி தம்பி, தண்ணி. தலைவர் மீசையையும் ஒரு வழி பண்ணிருங்க."

"கடைசித் தேர் சீன்லயும் ஒரு தப்பு இருக்கு. நீங்களே கவனிக்கல. செத்தவரு பின்னால நிக்கிறாரு."

டீச்சர் முன்னறையைப் பார்த்தார். பங்கிராஸ் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது இருக்கட்டும்."

"நீங்கதானே சாகடிச்சீங்க."

"ஆமா. கூட்டம் கம்மியா இருக்குன்னு நீங்க நிறுத்துனீங்க. எனக்கும் இங்க கூட்டம் கம்மிதான் தம்பி."

டைரக்டர் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டார். திருத்திய படம் வந்த அன்று கொல்லை கொல்லையாகக் கிடந்தது. பெரியகருப்பன் ஈரம் காயுமுன் விதைத்தார், விளைச்சலும் மோசமில்லை. உடையப்பனுக்கு மீசை நிலைத்தது.

வாக்காளர் பட்டியலில் நீக்கிய பங்கிராஸின் பெயரை மறுபடி சேர்க்க வேண்டியிருந்ததால், அதற்கான அலுவலர் வீட்டுக்கு வந்தார். பங்கிராஸ் பேசுவதைக் கேட்டுவிட்டு, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து குடிவந்தவர் என்று எழுதிக்கொண்டார். "எல்லாம் கரெக்டா இருக்கா, பாத்துக்கங்க டீச்சர்" என்று தாளை நீட்டினார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டு, கரெக்டா இருக்கு என்று கையெழுத்துப் போட்டார்.