கெட்டம்பேயில் தங்கிவிட்ட வயர்

பேராதனைப் பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த நவரட்ணராஜாவுக்கு டெக்னோ வெறும் இசைவகையல்ல, ஓர் ஒழுக்கம். ஜெர்மனிக்கு அகதியாகப் போன மைத்துனன் சண்முகநாதன் அனுப்பிய கசெற்றுகளில் அதை முதன்முதல் கேட்டான். பிறகு அதே மைத்துனன் அனுப்பிய, தாளத்தை மின்னோசையாக எழுப்பும் பழைய ட்ரம் மெஷினில் அதைச் செய்யப் பழகினான். பாட்டுக் குரல் கூடாது, ராகம் கூடாது, சீரான ஒரே அடி, அதன்மேல் மெல்ல மெல்ல மாறும் ஓசைகள், அவ்வளவுதான். ஊரே இடம்பெயர்ந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை அவன். போகுமிடமெல்லாம் பெயரையும் பிறந்த ஊரையும் ஒப்புவித்தே தீரவேண்டிய வாழ்க்கையில், ஊரும் மொழியும் இல்லாத ஓசை ஒன்று அகப்பட்டதும் அதை இறுகப் பற்றிக்கொண்டான்.

கலைப்பீடத்து றீற்றா அப்படியல்ல. கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். தகப்பன் புகையிரதத் திணைக்களத்தில் கிளார்க். நத்தாருக்கும் கலியாணத்துக்கும் எல்லாரும் எழுந்து ஆடும் பைலா அடித்துப் பழகிய கீபோர்டில்தான் அவள் நவரட்ணராஜாவோடு சேர்ந்து வாசித்தாள். ஏரிக்கரை மண்டபமொன்றில் அன்று பின்னேரம் நடக்கவிருந்த புதிய இசை நிகழ்ச்சியில் இருவருக்கும் சேர்த்து ஓர் இடம் கிடைத்திருந்தது. இப்படியான இசைக்குக் கண்டியில் கிடைத்த முதல் மேடை அது. இனியொன்று கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

காலையில் நடந்த கடைசி ஒத்திகையில் சண்டை வந்தது. மெஷினையும் கீபோர்டையும் ஒரு மிடி வயர் இணைத்தது. அது செருகியிருக்கும்வரை கீபோர்டின் தாளம் மெஷின் சொல்லும் வேகத்தில்தான் நடக்கும். றீற்றா நடுவில் அதை உருவிவிட்டு, தன் பாட்டுக்குப் பைலாத் தாளத்தில் இறங்கிவிட்டாள்.

"டெக்னோவுக்கை பைலா வரப்படாது, றீற்றா."

"யாரு சொன்னது? ஜெர்மன்காரன் சட்டம் போட்டிருக்கானா?"

"வகை எண்டு ஒண்டு இருக்கு. அதைக் குழப்பினா ஒண்டுமே மிஞ்சாது."

"சரி, டெக்னோவுக்கு ஆடின ஆள் ஒருத்தரையாவது நீங்க நேர்ல கண்டிருக்கீங்களா, ராஜா?"

அவன் கண்டதில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"வயரோடை வாசிக்கிறதெண்டா வாரும். இல்லாட்டி நான் தனிய வாசிக்கிறன்."

"வயரைக் கழட்டினா வாசிக்கிறேன். இல்லாட்டி சும்மா உங்க பெட்டியத் தூக்கிட்டு வாறேன், அவ்வளவுதான்."

முடிவு எதுவும் எட்டாமலே இருவரும் பஸ் ஏறினார்கள்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கண்டி நகரின் நடுவே குண்டு வெடித்ததிலிருந்து, வழியிலுள்ள கெட்டம்பே சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் எல்லா பஸ்களையும் மறித்து ஆட்களை இறக்கினார்கள். நவரட்ணராஜாவின் பையிலிருந்து ட்ரம் மெஷினும், உடைந்த வானொலியிலிருந்து அவன் கழற்றியெடுத்துப் பூட்டிய ஒலிபெருக்கியும், வயர்களும் வெளியே வந்தபோது வரிசையே சற்று விலகி நின்றது. அடையாள அட்டையில் பிறந்த இடம் சாவகச்சேரி என்றிருந்தது. சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன் அட்டையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"இசைக்கருவி என்றால் வாசித்துக் காட்டு" என்றார் சிங்களத்தில்.

நவரட்ணராஜா பொத்தானை அழுத்தினான். தும், தும், தும், தும். அதற்கிடையில் கூர்மையான ஒரு டிக். எத்தனையோ வாரம் இருந்து செதுக்கிய அடி அது. அநாவசியமான ஓர் ஓசைகூட அதில் இல்லை. பக்கத்தில் நின்ற இளம் இராணுவத்தான் இரண்டடி பின்வாங்கித் துவக்கை உயர்த்தினான். குழந்தையோடு நின்ற பெண்ணொருத்தி தெருவின் மறுபக்கத்துக்கு ஓடினாள்.

"நிறுத்து. இதில் பாட்டு எங்கே? இது எந்த நாட்டு இசை?"

சொல்வதற்கு அவனிடம் பதில் இல்லை. பதில் இல்லாததற்காகவே அவன் நேசித்த இசை அது. 

றீற்றா யாரிடமும் கேட்கவில்லை. பஸ்ஸின் படியில் கீபோர்டை வைத்துப் பைலா அடிக்கத் தொடங்கினாள். துவக்கு மெல்லத் தாழ்ந்தது. சார்ஜனின் முகம் இளகியது. அவர் நவரட்ணராஜாவின் பக்கம் திரும்பினார்.

"அவள் அடிப்பதை நீயும் அடி, பார்ப்போம்."

நவரட்ணராஜா மெஷினின் பொத்தான்களில் அடித்தான். விரல்கள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இத்தனை மாதம் காதைப் பொத்திக்கொண்ட தாளம் கைக்கு எப்போது வந்து சேர்ந்ததென்று அவனுக்கே விளங்கவில்லை. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். சார்ஜன் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார். மிடி வயரை மட்டும் சுருட்டி மேசையில் வைத்துக்கொண்டார். வயர் போகக்கூடாது என்றார். ஏனென்று கேட்கும் நிலையில் யாரும் இருக்கவில்லை.

பஸ் புறப்பட்டது. 

"நீர் அவங்களுக்காக அடிச்சீர்" என்றான்.

றீற்றா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் காலையில உங்களுக்காக அதையேதான் அடிச்சேன். அப்ப வேணாம்னீங்க. அவங்க கேட்டதும் அடிச்சது நீங்க."

 தன்னைக் காப்பாற்றியவள் மீது வரும் இந்தக் கோபம் எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். துவக்குக்கு இறங்கிய கை அவளுக்கு ஏன் இறங்கவில்லை? கொள்கை என்று காலையில் சொன்னானே, அது கெட்டம்பேயில் எங்கே போயிருந்தது?

மண்டபத்தில் ஒலிபெருக்கிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஜமால்தீன் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார்.

"வயரைப் புடிச்சி வெச்சிட்டாங்களாமே தம்பி. எனக்கிட்ட ஒண்ணு ஈக்குது, இந்தாங்க."

நவரட்ணராஜா அதை வாங்கினான். றீற்றா கீபோர்டை மூடியபடியே மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். வயரை அவள் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. பெயர்களை அறிவித்துவிட்டார்கள். முன்வரிசையில் விரிவுரையாளர்கள் சிலர் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார்கள்.

அவன் வயரைத் தன் கதிரைக்குப் பின்னால் தொங்கவிட்டான்.

"வாரும்" என்றான்.

"நிசமாவா? பிறகு நடுவில முகத்த நீட்டப்படாது."

"நீட்டினாலும் நிப்பாட்டாதையும்."

மெஷினைத் தொடக்கினான். பைலாவை அல்ல, கெட்டம்பேயில் வரிசையைக் கலைத்த அதே அடியை, ஓர் ஓசையும் கூட்டாமல், குறைக்காமல். றீற்றா அதைச் சற்றுநேரம் கேட்டிருந்துவிட்டுத் தன் தாளத்தோடு உள்ளே வந்தாள். கொஞ்சத் தூரம் இரண்டும் சேர்ந்து நடந்தன. பிறகு விலகத் தொடங்கின. முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். பின்னால் ஒரு கதிரை இழுபட்டது. எழுந்து போகிறார்களா, ஆட எழுகிறார்களா என்று திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் விரலை வைத்தான். இதுவரை ஒருமுறை திருகி வைத்தால் பிறகு தொடாத குமிழ் அது. இப்போது அவளைக் கேட்டுக் கேட்டுத் திருப்பினான்: சற்றுக் கூட, சற்றுக் குறைய. இரண்டு தாளங்களும் ஓரிடத்தில் வந்து பொருந்தின. பொருந்திய கணத்திலேயே அவள் தன் தாளத்தை அங்கிருந்து நகர்த்திவிட்டாள். அவன் குமிழிலிருந்து விரலை எடுக்காமல் அதன் பின்னால் போனான்.