ஒரு நிமிஷம் என்று காட்டிய விரல்

பிள்ளைகளின் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டுவதில் கைராசிக்காரர் என்பதால் அவரை எல்லோரும் கம்பி டாக்டர் என்றே சொன்னார்கள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்த பழக்கமோ என்னவோ, கடலுக்கடியில் போனாலும் அவர் கண் பொடிசுகளைத்தான் தேடும். பக்கத்தில் சுறாவே போனாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். அரிசி அளவு இறால், நகக்கண் அளவு நண்டு, ஓடில்லாத கடல் நத்தை, இவற்றைப் படமெடுக்கத்தான் வருடத்துக்கு ஒருமுறை முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதிப்பார்.

துணைக்கு அவருடைய அக்காவின் கணவர் போவார். பேருந்து டெப்போவில் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பிவைக்கும் வேலை. தம்பிக்குப் படமெடுக்கும்போது உலகமே மறந்துபோகும், அவனைத் தனியாக விடாதீர்கள் என்று அக்கா நச்சரித்ததால், ஐம்பது வயதுக்கு மேல் டைவிங் கற்றுக்கொண்ட மனிதர் அவர். மற்றபடி அந்தப் பொடிசுகள்மேல் அவருக்கு எந்த ஈடுபாடும் இல்லை.

"மாப்ளே, இந்த நத்தையப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? மழை பெஞ்சா எங்க வீட்டுப் பாத்ரூம்லயே பத்து வரும்," என்பார்.

"அதுக்கு இந்தக் கலர் இருக்காது அத்தான்."

"கலர் வேணும்னா பெயின்ட் அடிச்சுட்டாப் போச்சு."

அன்று காலை படகில் ஐந்து பேர் டைவ் செய்ய இருந்தார்கள். இவர்கள் இருவர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கைடு. கைடு அதிகம் பேசாதவர். ஆளுக்கொரு எஃகுக் குச்சி கொடுத்து, தண்ணீருக்குள் யாரையாவது கூப்பிட வேண்டுமானால் சிலிண்டரில் தட்டுங்கள் என்றார். எல்லோரும் தன் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஒரே இடத்தில் அரைமணி நேரம் கிடந்தால்தான் அவருக்குப் படம் கிடைக்கும்.

"நாங்க இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவோம். நீங்க அந்தப் புது ஜோடியப் பாருங்க," என்றார்.

கைடு கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலையாட்டினார்.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில், விசிறிபோல் விரிந்த ஒரு பவளத்தின்மேல் கைடு விரலை நீட்டிக் காட்டினார். அரிசியைவிடச் சற்றே பெரிய கடற்குதிரை. ஆண். வயிற்றுப் பை புடைத்து நின்றது. அந்த இனத்தில் ஆண்தான் சூல் சுமக்கும். டாக்டர் ஒன்பது வருடமாகத் தேடியது அதைத்தான். மண்டியிட்ட மாதிரி மணலில் படிந்து, கேமராவை அதன் முகத்தருகே கொண்டுபோனார். அந்தப் பக்கம் புதுப்பெண்ணின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து அவள் தடுமாறவே, கைடு அவளிடம் போய்விட்டார். தண்ணீர் கலங்கல். பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

கடற்குதிரை உடலை முறுக்கியது. பையின் வாய் திறந்தது. கறுப்பு நூல் துணுக்கு மாதிரி ஒரு குஞ்சு வெளியே வந்தது. அடுத்து இன்னொன்று.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. டங், டங், டங்.

அத்தான்தான் என்று டாக்டருக்குத் தெரியும். முந்தின நாள் இப்படித்தான் தட்டிக் கூப்பிட்டு, மணலில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பெரிய கண்டுபிடிப்புபோலக் காட்டினார். டாக்டர் திரும்பவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிஷம்.

மறுபடியும் டங். கொஞ்சம் இடைவெளி விட்டு, மெதுவாக இன்னொரு டங். பிறகு சத்தமே இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிறாரே என்று நினைத்துக்கொண்டார். பதினொரு படங்கள் எடுத்தார்.

திரும்பியபோது பின்னால் மணல் புகையாகக் கிளம்பியிருந்தது. அந்தப் புகைக்குள் கைடு, கவ்வியிருந்த காற்றுக்குழாய் வாயிலிருந்து நழுவித் தொங்கிய அத்தானை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

கரைக்கு வரும்வரை கைடு படகில் முழங்கால் போட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, போய்விட்டார் என்றார்கள். மாரடைப்பு. உடனே மேலே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர் கேட்டார். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். அதை யாரும் சொல்ல முடியாது சார்," என்றார் அந்த ஊர் மருத்துவர்.

போலீஸ்காரர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். "ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்லை," என்றார் டாக்டர். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கையெழுத்தும் போட்டார்.

கைடு வேறு மாதிரி சொல்லியிருந்தார். தட்டும் சத்தம் கேட்டது, தண்ணீருக்குள் எந்தத் திசை என்று தெரியவில்லை, தேடிக்கொண்டு வந்தேன் என்று. புது ஜோடிக்குப் பயத்தில் எதுவும் கேட்டிருக்கவில்லை. நாலடி தூரத்தில் இருந்த டாக்டருக்கே கேட்காத சத்தம் இவனுக்கு எப்படிக் கேட்டது என்று எல்லோரும் கேட்டார்கள். அக்கா புகார் கொடுத்தார். கைடின் உரிமத்தை ரத்து செய்யும் விசாரணைக்கு ஏழு வாரம் கழித்துத் தேதி வந்தது.

விசாரணை அன்று காலை டாக்டர் அக்காவை அழைத்துப்போக வந்தபோது, அவர் சாப்பாட்டு மேசையில் காகிதங்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டிருந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"இன்னிக்கு அவன் லைசென்ஸ் போகணும்டா. வாய் கூசாம பொய் சொல்றான் பாரு."

"அக்கா, அவர் பொய் சொல்லலை."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தான் தட்டினார். எனக்குக் கேட்டுச்சு."

"எத்தனை தடவை?"

"மூணு. அப்புறம் ரெண்டு."

"நீ என்ன பண்ணே?"

டாக்டர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"அப்படின்னா?"

"ஒரு நிமிஷம்னு."

அக்கா ஃபைலை மூடி வைத்தார். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு கையை நீட்டினார்.

"படத்தைக் காட்டு."

டாக்டர் போனில் தேடி எடுத்துக் கொடுத்தார். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எங்கடா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

டாக்டர் இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். அக்கா பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கிளம்பு. அங்க வந்தும் இதையே சொல்லு. ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது."

எப்போதும் காரில் முன்னால் உட்காருபவர் அன்று பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

விசாரணை அறையில் மேலே பழைய மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். படகில் கைடை விலகிப்போகச் சொன்னதையும் சொன்னார். இருவரை விட்டு நகர்ந்ததற்காகக் கைடுக்கு ஒரு மாதத் தடை. உரிமம் தப்பியது. பொய் வாக்குமூலத்துக்கு டாக்டர்மேல் தனியாக நடவடிக்கை வரும் என்றார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் டாக்டர் கைடின் அருகே போனார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சார். எங்க வீட்ல என் பொண்டாட்டியே என்னை நம்பலை," என்றார் கைடு. பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

அக்கா ஆட்டோ பிடித்துத் தனியாகத் திரும்பினார். அன்று மாலை டாக்டர் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நேரில் போனபோது கதவின் உள்ளேயிருந்தே, "இப்ப வேணாம் தம்பி. நானே கூப்பிடுறேன்," என்ற குரல் மட்டும் வந்தது. கூப்பிடவில்லை.

டாக்டர் கேமராவை விற்கவும் இல்லை, தொடவும் இல்லை. கிளினிக்குக்குப் போனார், வந்தார். நான்கு மாதம் ஆயிற்று. ஒரு நாள் மத்தியானம், மூன்று தெரு தள்ளிக் கிளினிக் வைத்திருந்த இன்னொரு பல் மருத்துவர் போனில் பேசினார்.

"டாக்டர், உங்க அக்கா வந்திருந்தாங்க. கடைவாய்ப் பல் ரொம்ப சொத்தை. எடுத்துட்டேன். நீங்க ஊர்ல இல்லைன்னு சொன்னாங்க."

அக்காவின் வாயில் இருபது வருடமாக வேறு யாரும் கை வைத்ததில்லை. டாக்டர் தன் கிளினிக்கில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆமா, ஊர்ல இல்லை," என்றார். "ரத்தம் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"அவங்களுக்கு வலி தாங்காது. மாத்திரை எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். வலிக்குதான்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லலை."

டாக்டர் நன்றி சொல்லி போனை வைத்தார். வெளியே ஒரு பையனும் அவன் அம்மாவும் காத்திருந்தார்கள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, அவர்களை உள்ளே வரச் சொன்னார்.