குஸ்மியாத்தி முறை

நூலகக் கணினியில் பலுபி எதைத் தட்டினாலும் அயல்நாட்டு முட்டிகளே வந்து நின்றன. பந்து உதைக்கிற முட்டி, பனியில் சறுக்குகிற முட்டி, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற முட்டி. நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்களின் முட்டியைப் பற்றி ஒரே ஒரு கட்டுரை எழுதினால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? அவளுக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

இந்தோனேசியாவின் செமாராங் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் உடலசைவியல் படிப்பை அவள் இழு இழு என்று இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். நடுவில் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துத்தான் வீடு ஓடியது. கூடப் படித்தவர்கள் கல்யாணம் முடித்துப் பிள்ளைக்குப் பெயரும் வைத்தாயிற்று. இவளுக்கு இதுதான் கடைசித் தவணை. இந்தப் பருவத்துக்குள் ஆய்வேடு தேறவில்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பட்ட பாடெல்லாம் வீண்.

நெறியாளர் பாக் ஹார்யோனோ, அதாவது ஹார்யோனோ ஐயா, நல்ல மனுஷர்தான். ஆனால் பிடித்தால் பிடி, விடமாட்டார். போன வாரம் அவளை எதிரே உட்காரவைத்து அப்படித்தான் பிடித்தார்.

"குஸ்மியாத்தி முறைப்படி அளந்தேன்னு எழுதியிருக்கியே, குஸ்மியாத்தி எழுதுனத நீ கண்ணால பாத்தியா?"

"எல்லா ஆய்வேட்டுலயும் போட்டிருக்காங்க, பாக்."

"அவங்க எங்க பாத்தாங்களாம்?"

"அவங்களுக்கு முன்னால எழுதினவங்க ஆய்வேட்டுல..."

"ஆக, ஒருத்தர் சாப்பிட்ட தட்டைக் கழுவாம அடுத்தவர் வாங்கியிருக்காரு. கடைசியில நீயும் கைய நீட்டியிருக்க. அதான் உன் அளவு எதுவும் ஒத்துவரல. மூலத்தைப் பாத்துட்டு வா. வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா கையெழுத்து கிடையாது."

அன்றிலிருந்து பலுபிக்கு நூலகமே கதி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையை ஒப்படைத்துவிட்டு, கம்பளத்தில் வெறுங்காலோடு போய் உட்கார்ந்தால், நண்பகல் தொழுகைக்குக் கதவைச் சாத்தும்போதுதான் எழுந்திருப்பாள். ஒரு ஆய்வேடு இன்னொன்றைக் கைகாட்டியது, அது அதற்கும் மூத்ததைக் கைகாட்டியது. நூலகர் இபு எர்னி, அதாவது எர்னி அம்மா, சலிக்காமல் ஒவ்வொன்றாகப் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேசையில் போட்டாள். சலிக்காமல் என்றால் வாய் சலிக்காமல் என்று அர்த்தம்.

"இன்னும் எத்தனை வேணும் உனக்கு? மொத்தமா கட்டித் தரட்டா, தலையில தூக்கிட்டுப் போறியா?"

கடைசியில் தட்டெழுத்தில் அடித்து நீலத் துணியில் கட்டிய ஒன்று வந்தது. அட்டையில் குஸ்மியாத்தி என்ற பெயர். பலுபி அவசரமாகப் புரட்டினாள். 'அளக்கும் முறையைப் பின்னிணைப்பில் காண்க' என்றிருந்தது. பின்னிணைப்பைத் திருப்பினால் அங்கே பக்கங்கள் இல்லை. யாரோ அடியோடு அறுத்து எடுத்திருந்தார்கள்.

இபு எர்னி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"எந்தக் கடங்காரன் பண்ண வேலை இது! பிளேடு போட்டு அறுத்திருக்கான் பாரு, மீன் செதிலைச் சீவுற மாதிரி. அவன் கை விளங்குமா?" சத்தம் போடக் கூடாது என்று எழுதி ஒட்டிய சுவருக்குக் கீழேயே நின்றுகொண்டு சத்தம் போட்டாள். பிறகு பலுபியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நன்றியுரையப் படிச்சியாடி?"

அந்த ஊரில் ஆய்வேட்டைக் கையில் எடுத்தால் எல்லாரும் முதலில் படிப்பது நன்றியுரையைத்தான். யார் யாரைக் காதலித்தார்கள், யார் வீட்டில் சோறு கிடைத்தது, எந்த ஓட்டை மோட்டார்சைக்கிள் கரைசேர்த்தது, எல்லாம் அதில் இருக்கும். பலுபி அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டிருந்தாள். இப்போது படித்தாள். கடவுளுக்கு நன்றி, அம்மா அப்பாவுக்கு நன்றி. அதற்குக் கீழே: 'மங்கிஸ் சந்தில் டெம்பே கட்டும் அக்காமார்களே, வெட்கத்தை விட்டு எனக்கு முட்டியைக் காட்டினீர்களே, இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன்?'

"போ, இன்னும் ஏன் நிக்கிற?" என்றாள் இபு எர்னி.

மங்கிஸ் சந்தில் நாலைந்து கிழவிகள் குதிகால் தரையில் படியக் குந்தி, வேகவைத்த சோயாவை டெம்பேயாகப் புளிக்கவைக்க வாழையிலையில் மடித்துக்கொண்டிருந்தார்கள். பலுபி விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, ஒருத்தி கெக்கெக்கென்று சிரித்தாள்.

"அடியே, நம்ம முட்டிக்காரிய கேக்குறா! என் துணியைத் தொடை வரைக்கும் தூக்கச் சொல்லி எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாளே, அவதான்!"

"இப்ப கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யுறா, கண்ணு. அந்தப் பச்சைக் கதவு" என்றாள் இன்னொருத்தி.

பச்சைக் கதவுக்குப் பின்னால் ஒரே ஆவியும் இஞ்சி வாசனையுமாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மாள் அகப்பையோடு திரும்பினாள்.

"எத்தனை பேருக்கும்மா? கோழியா, மாடா?"

"சாப்பாட்டுக்கு இல்ல, இபு. உங்க ஆய்வேடு விஷயமா வந்தேன்."

குஸ்மியாத்தி அடுப்பை அணைத்தாள். "அதுல இப்ப என்ன தப்பு கண்டுபிடிச்சாங்க?"

"தப்பெல்லாம் இல்ல. முறை எழுதின பக்கத்தைத்தான் காணோம்."

"இத்தனை வருஷம் கழிச்சு அதையெல்லாம் எவ தொட்டா?"

"எல்லாருந்தான் இபு. முட்டியப் பத்தி எங்க துறையில யார் எழுதினாலும் உங்க பேர் இருக்கும். குஸ்மியாத்தி முறைன்னுதான் சொல்லுவோம்."

அந்த அம்மாள் ஒரு கவிழ்த்த அண்டாமேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"டெம்பே கட்டுறவ முட்டிய அளந்து நாட்டுக்கு என்ன ஆகப்போகுதுன்னு அன்னிக்குக் கேட்டாங்க. சிரிச்சிக்கிட்டேதான் தேற வச்சாங்க. அந்தச் சிரிப்பு காதுலயே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல நான்." முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட இருந்த பிரதியும் கடல் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப ஊறிப்போச்சு."

பலுபியின் முகம் விழுந்துவிட்டது. இந்தக் கதவும் சாத்தியாயிற்று என்றே நினைத்தாள்.

"அட, மூக்கை உறிஞ்சாத. காகிதந்தான போச்சு, நான் இருக்கேன்ல? நீ எப்படி அளந்த, சொல்லு."

"குந்தச் சொன்னேன். குந்தினாங்க. கோணமானிய முட்டிப் பக்கத்துல வச்சேன்."

"கெட்டுது போ! குந்துன்னு சொன்னா எவ குந்துவா? கல்யாணத்துல போட்டோவுக்கு நிக்கிற மாதிரி விறைச்சிக்குவா. கையில ஒரு வேலையக் குடு. அவ மருமக எப்படின்னு ஒரு வார்த்தை கேளு. பேச்சு சூடு பிடிச்சதும் உடம்பு தன்னால இறங்கும். அப்ப வைக்கணும் கோணமானிய, சத்தங்காட்டாம. இதைத்தான் பக்கம் பக்கமா எழுதியிருந்தேன்."

மறுநாள் காலை இருவரும் சந்துக்குப் போனார்கள். குஸ்மியாத்தி மருமகள்களைப் பற்றிக் கேட்டாள்; கிழவிகளுக்கு அது போதாதா? கை மடிக்க, வாய் பொரிய, பலுபி ஒவ்வொரு முட்டியாக அளந்துகொண்டே போனாள். எண்கள் பழைய ஆய்வேட்டின் எண்களோடு கைகோத்துக்கொண்டு வந்தன. அவளுக்கு அந்தக் கிழவிகள் ஒவ்வொருத்தி காலிலும் விழலாம் போலிருந்தது. "இந்தத் தடவையும் எங்க கால்தானா? உனக்கும் ஒரு மருமக வரட்டும், தெரியும்!" என்று அவர்கள் துரத்திவிட்டார்கள்.

வியாழக்கிழமை குஸ்மியாத்தி காணாமல்போன பின்னிணைப்பைத் திரும்ப எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, தானே எடுத்துவந்தாள்.

"எம்பேரு போட்டிருக்குன்னு சொன்னியே. அதை நான் பாக்கணும்" என்றாள்.

நூலக வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பலுபி இருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினாள். இபு எர்னி குஸ்மியாத்தியின் பெயரைச் சொல்லும் ஆய்வேடுகளை இரண்டு கை கொள்ளாமல் அள்ளிவந்து, நீலத் துணியில் கட்டிய அவளுடையதையும் சேர்த்து முன்னால் அடுக்கினாள். குஸ்மியாத்தி ஒவ்வொன்றின் கடைசிப் பக்கங்களையும் திறந்து, விரலை வரிவரியாக இறக்கி, தன் பெயர் வந்ததும் நிறுத்தினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. "எனக்குச் சொல்லவே இல்லையே யாரும்" என்றாள், யாரையும் குறைசொல்லாத குரலில். "நீ வந்து சொன்னியே, நீ நல்லா இருக்கணும்."

அடுத்ததைத் திறந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "யாரு இவன்? என் முறை நம்புற மாதிரி இல்லன்னு எழுதியிருக்கான்! குந்தச் சொல்லி அளந்திருப்பான், மடையன். எர்னி, ஒரு பேனா குடு!"

"மெதுவா, இபு, நூலகம்" என்றாள் இபு எர்னி, பேனாவைக் கொடுத்துக்கொண்டே.

பலுபி அவர்களை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். பாக் ஹார்யோனோ கிளம்பும் நேரம். பையைத் தோளில் மாட்டிவிட்டிருந்தார்.

"மூலத்தைப் பாத்தியா?"

"பாத்தேன், பாக்."

"எங்க, காட்டு."

பலுபிக்கு மூச்சு வாங்கியது. "கீழ உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்காங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இறங்கி வந்தார். வாசலில் காலணியைக் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. மேசையருகே வந்து, நீல அட்டையில் இருந்த பெயரையும் அதை முன்னால் வைத்திருந்த பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தார். குனிந்து, இரண்டு கைகளாலும் அவள் கையைப் பற்றினார்.

"நானும் உங்களை மேற்கோள் காட்டியிருக்கேன், இபு. நீங்க காலமாயிட்டீங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"காலமெல்லாம் ஆகல. சமைச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் நன்றி என்றார், மன்னியுங்கள் என்றார், மறுபடி நன்றி என்றார். பலுபி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நன்றியெல்லாம் அப்புறம் சாவகாசமா சொல்லுங்க" என்றாள் குஸ்மியாத்தி, கையிலிருந்த பேனாவை அவரிடம் நீட்டி. "இந்தப் புள்ளைக்கு மொதல்ல கையெழுத்தைப் போடுங்க. போட்டுட்டு பேனாவைத் திருப்பிக் குடுங்க, எனக்கு வேலை இருக்கு."